ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம்

2004 டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் சுமார் 6,000 பேரைப் பலிகொண்டது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள் சிதைந்தன. தப்பியவர்களில் பலர் தார் ஷீட் கொட்டகைகளில் தங்கினர். வெயில் ஏறினால் உள்ளே உட்கார முடியவில்லை. கடல் பிணங்களை ஏந்திய நினைவில் மக்கள் மீன் வாங்கத் தயங்கினர். கூடை சுமந்து விற்ற பெண்களின் பிழைப்பு முடங்கியது. நிவாரணமாகக் குவிந்த ஃபைபர் படகுகள், மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டும் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 2005 மார்ச்சில் வெளியான அரசாணை, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வசித்தோர் அதற்கு அப்பால் புதுவீடு பெற வழிசெய்தது. வீடு பாதுகாப்பானது, ஆனால் இடம்பெயர்ந்தவர்களுக்கு வாசலில் நின்று கடலின் போக்கைப் பார்ப்பதும், படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருப்பதும் இல்லாமல் போயின.