சேரியின் தோலிசையும் புதுக்கால இசையும்

பறை என்னும் சொல்லுக்கு இசைக்கருவி என்னும் பொருளோடு, சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாள நாட்டில் இன்றும் அச்சொல் அப்பொருளில் வழங்குகிறது. நிலந்தோறும் உரிய கருப்பொருள்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், தெய்வத்தையும் உணவையும் எண்ணிய வரிசையிலேயே பறையையும் வைத்தார். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335-ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைச் சிறப்பித்துரைக்கிறது. இவை தமிழ் படித்தோர் யாவரும் அறிந்தவையே. ஆயினும் நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இப்பொருள் பற்றி எழுதப் புகும்போது, இவற்றை ஒருமுறை சொல்லிவிட்டே மேற்செல்லத் தோன்றுகிறது. ஏனெனில் இதனைப் படிக்கும் நம் பிள்ளைகளிற் பலர் அச்சொல்லை முதன்முதலில் ஒரு வசவாகவே கேட்டிருப்பர். யாமும் அவ்வாறே கேட்டோம்.

நாட்டார் இசையைப் புதுக்கால ஒலிகளோடு கலப்பது பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். ஏதோ நேற்றுத் தோன்றிய புதுமை போலப் பேசுகின்றனர். நம் மக்களைப் பொறுத்தவரை இக்கலப்பு மிகப் பழையது. சேக்கிழார் பெரியபுராணத்தில் நந்தனாரைப் பற்றிக் கூறுவதை உற்று நோக்குக. கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர் அவர். கோயிலுக்குள்ளே ஒலித்த இசையின் தோலும் நரம்பும் புலைப்பாடியிலிருந்து சென்றன. அவற்றைக் கொடுத்தவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். மிருதங்கம் செய்யும் கைவினைஞரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்தபோது, சேக்கிழார் காலத்துக்கும் இதற்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் கடந்திருப்பதை எம்மால் நம்ப இயலவில்லை.

நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சு மொழியில் 'பாரியா' என்றொரு சொல் உண்டு. ஒதுக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். நம் பறையின் பெயரே கடல் கடந்து சென்று அவ்வாறு ஆயிற்று. 1791-இல் பெர்நார்தென் தெ சேன்-பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், உலகமெல்லாம் உண்மையைத் தேடியலைந்த ஓர் ஆங்கில அறிஞனுக்கு ஒரு பாரியாவே அறிவு புகட்டுகிறான். 1821-இல் கசிமிர் தெலவீஞ் 'பாரியா' என்னும் நாடகத்தைப் பாரிசில் அரங்கேற்றினார். அதனைத் தழுவி இத்தாலிய இசைமேதை தொனிசெத்தி 1829-இல் நேப்பிள்சு நகரில் ஓர் இசைநாடகம் படைத்தார். நம்மை அறியாதவர்கள் நம்மீது இரக்கங்கொண்டு பாடினர். அதற்கு நன்றி கூறுவோம். ஆனால் அந்த அரங்கில் வயலினும் கொம்பும் ஒலித்தனவேயன்றி, எந்தக் கருவியின் பெயரால் அந்த நாடகம் வழங்கியதோ அந்தக் கருவி ஒலிக்கவில்லை.

இவ்வகையில் நம் மாநிலத்துக் காரைக்காலுக்கும் ஓர் இடமுண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் அதிகாரியாயிருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரரின் ஆதரவால் முதன்முதலில் அச்சேறியது. இராகங்களில் அமைந்த கீர்த்தனங்களோடு நொண்டிச் சிந்து போன்ற நாட்டு மெட்டுகளையும் அதில் அவர் இணைத்தார். பின்னர், 1908 முதல் 1918 வரை நம் புதுவையில் வாழ்ந்த பாரதியார், அந்நூலின் மெட்டொன்றை எடுத்தாண்ட விதம் எண்ணுந்தோறும் வியப்பளிப்பது. பண்ணை வேதியர் நந்தனாரை ஏசும் பாட்டின் மெட்டிலேயே, விடுதலை கேட்கும் இந்தியனை வெள்ளை அதிகாரி ஏசுவதாக அவர் ஒரு பாட்டுக் கட்டினார். அதைக் கேட்டவர், நேற்றுவரை தாம் பிறரை ஏசிய மெட்டில் இன்று தாமே ஏசப்படுவதை உணர்ந்திருப்பர். மெட்டைக் கலப்பதென்றால் அது இவ்வாறு பொருளோடு கலப்பதாக இருத்தல் வேண்டும்.

ஏட்டில் எழுதப்பட்ட வரலாறு இது. எழுதப்படாத வரலாறு நம் தெருக்களில் நடந்தது. எம் இளமையில் புதுவைத் தெருக்களில் கலியாணத்துக்கும் சாவுக்கும் 'பேண்டு' வாசித்தோர் பெரும்பாலும் நம்மவரே. அது ஐரோப்பியப் படைகளின் அணிவகுப்பு இசையிலிருந்து வந்தது. கிளாரினெட்டும் திரம்பெட்டும் பக்கமேளமும் ஏந்தி, அந்த விரல்கள் பழகியிருந்த பழைய அடவையே அவற்றிலும் வாசித்தனர். சூலை 13-ஆம் நாள் இரவில் சொல்தாக்கள் விளக்கேந்திக் கடற்கரைச் சாலையில் வரும் ஊர்வலத்திலும் பேண்டின் ஒலியைக் கேட்டு வளர்ந்தோம். கிளாரினெட்டு வாசித்தவருக்கு ஒரு சட்டையும் தொப்பியும் கிடைத்தன. பறை அடித்தவருக்கு அவை கிடைக்கவில்லை. இரண்டையும் வாசித்தவர் ஒரே மனிதராய் இருந்ததும் உண்டு.

இங்கே கருவியைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். மூன்று மரத்துண்டுகளை வளைத்துச் சேர்த்த சட்டத்தின்மேல், புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுவது பறை. இடத்தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் தடித்த சிறு குச்சியும் கொண்டு அடிப்பர். பனியிலும் மழையிலும் தோல் தளரும், ஒலி தாழும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால் தோல் இறுகி ஒலி கூர்மையாகும். ஆக, இதன் சுருதி நிலையானதன்று. நெருப்பும் காற்றும் அதனை முடிவு செய்கின்றன. கீபோர்டின் சுருதியோ மழை பெய்தாலும் மாறாது. இவ்விரண்டையும் ஒரு மேடையில் வைப்பவர் எவரும் முதலில் சந்திக்கும் இடர் இதுவே. அதனாலேயே இக்காலத்தில் இரும்பு வளையமும் பைபர் தோலும் கொண்ட பறைகள் வந்துள்ளன. அவற்றுக்கு நெருப்பு வேண்டுவதில்லை. ஒலியிலும் அந்தச் சூடு இல்லை என்பது எம் எண்ணம். இளைஞர்கள் இதனை ஏற்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், யாம் பணியாற்றிய ஓர் அரசுப் பள்ளியின் ஆண்டு விழாவில், பறையும் கீபோர்டும் சேர்ந்த ஒரு நிகழ்ச்சி நடத்த மாணவர்கள் விரும்பினர். இசைவு தந்தோம். மறுநாள் ஒரு மாணவனின் தந்தை எம் அறைக்கு வந்தார். அமரச் சொல்லியும் அமரவில்லை. "சார், எங்க அப்பா சாவு வீட்டுல அடிச்சாரு. பத்து வயசுல நானும் அவர் பின்னால போனேன். குடிக்க ஊத்திக் கொடுப்பாங்க, காசைக் கீழே போடுவாங்க. என் புள்ள அந்தக் கயித்தத் தோள்ல மாட்டக் கூடாதுன்னுதான் உங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன்" என்றார். பறையின் தொன்மை பற்றி எம்மிடம் சொல்ல நிறைய இருந்தது. தொல்காப்பியத்தைக் கொண்டு அவருக்கு மறுமொழி கூற எமக்கு நாவெழவில்லை.

அவர் சொன்னது தனியொருவர் கருத்தன்று. இழிவென்று சுமத்தப்பட்ட தொழில்களை உதறுக என்று அண்ணல் அம்பேத்கர் வழிகாட்டினார். அவ்வழி நின்று பல ஊர்களில் நம்மவர் பறையடிக்க மறுத்தனர்; மறுத்ததற்காக அடியும் பட்டனர். 1990-களில் தலித் கலை இலக்கிய எழுச்சியின்போது மற்றொரு சாரார், பறையை விடுதலைக் கருவியாக மேடையில் ஏற்றினர். ஒரே கருவியை ஒருவர் கீழே போட்டதும் மற்றவர் மேலே எடுத்ததும் ஒரே தன்மதிப்பின் பொருட்டே. இவ்விரு வழியினரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்வதைக் கூட்டங்களில் கண்டு வருந்தியுள்ளோம்.

இரண்டாம் வழியில் நடந்தவர்களில் நம் புதுவை மறக்கலாகாத பெயர் பேராசிரியர் கே. ஏ. குணசேகரன். 1955-இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தை என்னும் சிற்றூரில் பிறந்தவர். இசுலாமியர் மிகுந்த இளையான்குடியில் தீண்டாமை உறுத்தாது வளர்ந்ததையும், சுற்றுச் சிற்றூர்களுக்குச் செல்லும்போது அது சுட்டதையும் 'வடு' என்னும் தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதினார். நாட்டுப்புறக் கலைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியில் ஆசிரியராய் விளங்கினார். 'பலி ஆடுகள்' முதலிய நாடகங்களைப் படைத்தார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 2016 சனவரி 17 அன்று புதுவையிலேயே காலமானார்.

இவற்றைவிட எமக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் குரல். ஆய்வாளர் பலர் வயல்வெளிப் பாட்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயினர். இவர் அதனைத் தாமே பாடினார். அந்த மெட்டுகளில் காலத்தின் சொற்களை ஏற்றினார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' இவர் குரலில் ஒலிநாடாக்களில் ஏறித் தமிழகமெங்கும் சென்றது. நாங்களும் மனிதர்களே என்று சொல்ல ஓர் இனம் பாட வேண்டியிருந்ததே என்று கேட்டவர் நாணினர். இவர் குழுவில் வாய்ப்புப் பெற்று உருவான சின்னப்பொண்ணு, பின்னாளில் 2008-இல் வந்த 'நாக்க முக்க' என்னும் திரைப்பாடலால் நாடறிந்தார். அப்பாட்டின் சொற்கள் எமக்கு உவப்பானவை என்று சொல்வதற்கில்லை. அந்தக் குரலின் வலிமையை மறுப்பதற்கும் இல்லை.

திரையிசையைப் பற்றி இங்கே விரித்தால் தனி நூலாகும். அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமை மேடைகளில் பாடித் திரிந்த பண்ணைப்புரத்து இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாக நாட்டு மெட்டையும் மேலைநாட்டு இசைக்கோப்பையும் ஒன்றாக்கினார். 2025 மார்ச்சு 8 அன்று இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார் என்பதை மட்டும் குறிப்போம்.

2018 சனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்றனர். சாதிபேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. கானாவும் பறையும் கட்டமோளமும் மின்கித்தாரும் ராப்பும் அதில் கலந்தன. எம் வயதினர் செவிக்கு ஒலி சற்று மிகையே. ஆனால் கருவியை அடித்தவரும் பாட்டைக் கட்டியவரும் தம் பெயரோடு அங்கே நின்றனர். இக்குழுவின் அறிவு எழுதி, தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி', தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர் பாட்டியின் நினைவைச் சுமந்து உலகமெங்கும் சென்றது. அவ்வாண்டே, அப்பாட்டைச் சிறப்பித்த ஓர் இசையிதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவருக்கும் அட்டை அமைத்தனர். அது கூட்டுப்படைப்பே என்று உடன் உழைத்தோர் கூறினர், அதுவும் உண்மையே. எனினும் நந்தனார் கொடுத்த தோல் எம் நினைவுக்கு வந்தது.

எம் பள்ளியில் நடந்ததைச் சொல்லி நிறுத்துவோம். ஆசிரியர்கள் சேர்ந்து ஆறு பறைகள் வாங்கினோம். விரும்பும் மாணவர் எத்தெருவினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும் கற்கலாம் என்றும், அவை ஆர்மோனியம் இருக்கும் அலமாரியிலேயே இருக்கும் என்றும் அறிவித்தோம். விழா நாளன்று மாலைப் பனியில் தோல்கள் தளர்ந்துவிட்டன. கீபோர்டு வாசித்த மாணவி காத்திருந்தாள். பறைகளை எவ்வாறு காய்ச்சுவது என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை; வாங்கிய எமக்கும் தெரியவில்லை. பள்ளி வாயிலருகே நின்றிருந்த அத்தந்தை உள்ளே வந்தார். வைக்கோல் கேட்டார். ஒவ்வொரு பறையாக அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, ஆறாவதைத் தம் மகன் கையில் கொடுத்தார். "இப்ப அடி" என்றார். நிகழ்ச்சி முடியும்வரை அவர் இருந்தாரா என்பதை, விருந்தினரைக் கவனிக்கும் வேலையில் யாம் பார்க்கத் தவறிவிட்டோம்.