இரும்புக்கு வந்த கை

1901 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டு அடித்தது. குழாயைச் சுழற்றிப் பூமியைத் துளைக்கும் முறைக்கு அதற்குப் பிறகுதான் பெரிய மவுசு வந்தது.

முறை எளிது. குழாயின் நுனியில் பிட் இருக்கும். மேலே சுழற்றினால் கீழே பாறை அரைபடும். ஒரு குழாய் சுமார் 30 அடி. ஆழம் போகப் போக, மேலே ஒவ்வொன்றாகத் திருகிச் சேர்க்க வேண்டும்.

பிட் மழுங்கினால்தான் பெரும்பாடு. அத்தனை குழாயையும் வெளியே இழுத்தாக வேண்டும். மும்மூன்றாக, 90 அடி நீளத்துக்குக் கழற்றிக் கோபுரத்துக்குள் நிறுத்துவார்கள். 10,000 அடிக் கிணறு என்றால் 110 தடவைக்கு மேல் கழற்றல். புது பிட்டை இறக்கும்போது அதே அளவு பூட்டல்.

பூட்டுவது எப்படித் தெரியுமா? கீழ்க்குழாயில் சங்கிலியைச் சுற்றி வைத்திருப்பார்கள். மேல்குழாய் வந்து உட்கார்ந்ததும் ஒருவர் சங்கிலியை லாகவமாக அதன்மேல் வீசி ஏற்றுவார். மறுமுனையை இயந்திரம் இழுக்க, குழாய் பம்பரமாய்ச் சுழன்று இறங்கும். பிறகு இரண்டு ராட்சத இடுக்கிகளால் இறுக்குவார்கள். நடுவில் கை சிக்கினால் விரல் போயிற்று. இந்தத் தொழிலாளிகளுக்கு ரஃப்நெக் என்று பெயர்.

1970களில்தான் அயர்ன் ரஃப்நெக், அதாவது 'இரும்பு ரஃப்நெக்', என்ற இயந்திரம் வந்தது. அதுவே கிணற்று வாய்க்கு நகர்ந்து வந்து, கீழ்க்குழாயைப் பிடித்துக்கொண்டு, மேல்குழாயைச் சுழற்றி இறுக்கிவிடும். 1969இல் எகோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கண்ட நார்வேயில், தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்தன. 1977இல் பணிச்சூழல் சட்டமும் வந்தது. கடல்மேடைகளில் மனிதக் கை படாமல் குழாயைக் கையாளும் முறை அங்கே வேகம் பிடித்தது. இன்று நவீன ரிக்குகளில் துளைப்பவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தே குழாயை நகர்த்துகிறார்.

ஒரு கணக்கு மட்டும் என் மனதை உறுத்துகிறது. பாறையை வேகமாக அரைக்கும் உருளைப் பிட்டுக்கு 1909இலேயே ஹோவர்டு ஹியூஸ் காப்புரிமை வாங்கிவிட்டார். விரலைக் காப்பாற்றும் இயந்திரம் வர அதற்குமேல் அறுபது வருடங்களுக்கும் அதிகமாயிற்று. பிட் மழுங்கினால் முதலாளிக்கு நஷ்டம்; விரல் போனால் அடுத்த ஆள் வாசலில் நின்றான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இயந்திரம் வந்ததும் ஆட்களின் தேவை குறைந்தது என்பதும் உண்மை. ஆனாலும் நிலத்தில் நிற்கும் எத்தனையோ பழைய ரிக்குகளில் இன்றும் மனிதக் கைதான் இடுக்கியைப் பிடிக்கிறது.