சுரண்டிப் பார்த்தால் தெரியும்

பழைய ஃபிளாட்டில் லைட் விட்டுவிட்டு எரிகிறது என்று யாராவது கூப்பிட்டால், கட்டடம் எந்த வருஷத்தது என்றுதான் முதலில் கேட்பேன். சென்னையில் வயரிங் வேலை பார்க்கிறவனுக்கு அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பேசின் பிரிட்ஜிலிருந்து நகரத்துக்குக் கரன்ட் கொடுத்த காலம் ஒன்று உண்டு. 1947-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1957-இல் மின்வாரியம் வந்தது. அந்தக் காலத்து வீடுகளில் சுவர்மேல் தேக்கு ரீப்பர் அடித்து, ரப்பர் வயரை ஓட்டி, வரிசையாகப் பித்தளை கிளிப் போட்டிருப்பார்கள். ரப்பர் காய்ந்து, விரல் பட்டாலே உதிரும். உள்ளே கம்பி வெள்ளையாக இருக்கும். அலுமினியம் என்று ஏமாறக் கூடாது. ரப்பரில் சேர்த்த கந்தகம் செம்பைக் கெடுத்துவிடும் என்று வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பிளேடால் சுரண்டினால் சிவப்பு தெரியும். வயர் வெளியிலேயே ஓடுவதால் ஃபால்ட்டைக் கண்ணாலேயே தேடிப் போகலாம். அந்த வேலைக்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

தொல்லை பிடித்தது அடுத்த தலைமுறை. செம்பை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்ததால் 1960, 70-களில் வீட்டு வயரிங்கிலும் அலுமினியம் புகுந்தது. ஸ்க்ரூவுக்கு அடியில் நாள்பட நசுங்கி, பிடி தளர்ந்துபோகும் உலோகம் அது.

ரூமில் லைட், ஃபேன் இரண்டும் நின்றிருக்கும். ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு லைட் ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் இரண்டு பின்னிலும் எரியும். புதுசாக வேலைக்கு வந்த பையன், “கரன்ட் வருதுண்ணே, பல்புதான் போச்சு” என்பான். பல்பு நன்றாகத்தான் இருக்கும். நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது; ஃபேன் காயில் வழியாக வந்த கரன்ட்தான் மறுபக்கம் நின்று டெஸ்டரை எரிய வைக்கிறது. மெயினை ஆஃப் செய்து போர்டைக் கழற்றினால், நியூட்ரல் ஜாயின்ட்டில் சாம்பல் நிறப் பொடி, கருகின டேப். பெரும்பாலும் பின்னாளில் யாரோ புதுச் செம்பு வயரைப் பழைய அலுமினியத்தோடு முறுக்கிவிட்ட இடமாக இருக்கும். இந்த ஊர்க் கடல் காற்றில் அந்த இரண்டும் ஒத்துப்போகாது.

மறுபடி முறுக்கி டேப் சுற்றினால் லைட் எரியும், வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார். ஆனால் ஜாயின்ட் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். ஓடுவது வழக்கமான கரன்ட் என்பதால் ஃபியூஸும் போகாது.

உங்கள் கட்டடம் அந்தக் காலத்தது என்றால், அடுத்த முறை பெயின்ட் அடிக்கும் முன் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, ஒரு போர்டையாவது திறந்து கம்பியைச் சுரண்டச் சொல்லுங்கள். சிவப்பு தெரியாவிட்டால் ஒட்டுப்போட வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள்.