பல்லை வெண்மையாக்கக் கிளினிக்கா, வீடா? வரலாறு சொல்லும் விடை



அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி திருமண அழைப்பிதழுடன் வீட்டிற்கு வந்திருந்தாள். பேச்சின் நடுவே சற்றுத் தயங்கி, "சார், கல்யாணத்துக்கு முன்னாடி பல்லை வெள்ளையாக்கலாம்னு இருக்கேன். கிளினிக்குக்குப் போகவா, இல்ல இணையத்துல வாங்கி வீட்டுலேயே செஞ்சுக்கவா?" என்று கேட்டாள். நான் பல் மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆயினும் அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் முன்பல் ஒன்று நெடுங்காலம் சாம்பல் நிறமாக இருந்ததையும், பிறகு மாறியதையும் அவள் அறிவாள். அன்று அவளிடம் கூறியவற்றை, நான் படித்தறிந்த வரலாற்றுச் செய்திகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பல் வெண்மையின் மீதான ஆசை மிகவும் பழைமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கத்துல்லுஸ் என்னும் கவிஞர், எப்போதும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த எக்னாத்தியுஸ் என்பவரைப் பற்றி ஓர் ஏளனக் கவிதை இயற்றினார். அந்த மனிதர் தம் பிறந்த நாட்டு வழக்கப்படி சிறுநீரால் பல் துலக்குகிறார் என்பதுதான் ஏளனத்தின் சாரம். கேட்கவே அருவருப்பாக இருக்கலாம். ஆனால், நாள்பட்ட சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாவுக்குக் கறை நீக்கும் தன்மை உண்டு. உரோமானியர் துணி வெளுக்கவும் அதனையே பயன்படுத்தினர்.

நம் முன்னோர் ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் துலக்கினர். உமிக்கரியும் உப்பும் தோட்டப்புறங்களில் நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் வழக்கில் இருந்தன. இவை பல்லின் மேற்புறத்தில் படியும் அழுக்கையும் வெற்றிலைக் கறையையும் தேய்த்து நீக்குவனவே. பல்லின் உள்நிறத்தை மாற்றும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. கரியை அழுத்தித் தேய்த்தால் எனாமல் என்னும் மேலுறை தேய்ந்து, அதன் கீழுள்ள மஞ்சள் நிற டென்டின் மேலும் தெளிவாகத் தெரியும். வெண்மைக்காகச் செய்வது மஞ்சளில் முடியும்.

ஐரோப்பாவின் கதை இதனினும் கொடியது. அங்கே முடி திருத்துவோரே பல் மருத்துவமும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் பல்லை அரத்தால் அராவி, அதன்மேல் நைட்ரிக் அமிலத்தைத் தடவினர். உடனே பல் பளிச்சென்று வெளுக்கும். சில ஆண்டுகளில் எனாமல் கரைந்து பல் சொத்தையாகும். 'நிபுணரிடம் செல்வதே பாதுகாப்பு' என்று நாம் இன்று எளிதாகச் சொல்கிறோம். அந்நாளில் நிபுணரிடம் சென்றவர்களே பல்லை இழந்தனர்.

திருப்பம் வேதியியலால் வந்தது. 1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டின் பல் மருத்துவர்கள் முதலில் குளோரின் சேர்மங்களையும் ஆக்சாலிக் அமிலத்தையும் பயன்படுத்தினர். அந்நூற்றாண்டின் இறுதியில்தான் பெராக்சைடு பல் மருத்துவத்தில் இடம்பெற்றது. 1918இல் அபோட் என்பவர் செறிவான பெராக்சைடுடன் வலுவான ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்துப் பயன்படுத்தினார். இன்று கிளினிக்குகளில் காணும் விளக்கு முறைக்கு இதுவே முன்னோடி.

பெராக்சைடு எனாமலைச் சுரண்டுவதில்லை. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலை ஊடுருவி டென்டினை அடைந்து, அங்கே நிறம் தரும் பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து வெளிறச் செய்கிறது. கரியால் இயலாததை இது செய்வது இவ்வாறுதான்.

வீட்டு முறை பிறந்த கதை சுவையானது. 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் பில் குளுஸ்மையர் என்னும் பல் சீரமைப்பு மருத்துவர் இருந்தார். ஈறு வீங்கியிருந்த நோயாளிகளுக்கு, 10 விழுக்காடு கார்பமைட் பெராக்சைடு கொண்ட ஒரு வாய்ப்புண் மருந்தைப் பல்லுறையில் இட்டு, இரவில் அணிந்து உறங்கச் சொன்னார். ஈறு குணமானது. கூடவே பற்களும் வெளுத்திருப்பதை அவர் கண்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் இச்செய்தி மருத்துவர் சிலரிடையே வாய்மொழியாகவே உலவியது. 1989இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேவுட், ஹேமன் ஆகிய இருவர் அதனை ஆய்ந்து கட்டுரையாக வெளியிட்டனர். பின்னர் நிறுவனங்கள் விரைந்தன. 2001இல் 'கிரெஸ்ட்' என்னும் வணிகப்பெயர் கொண்ட வெண்மைப் பட்டைகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். வீட்டு முறை என்பது மருத்துவருக்கு எதிராகத் தோன்றியது அன்று. பல்லைச் சோதித்து, அச்செடுத்து, உறை செய்து கொடுத்த மருத்துவரின் கையிலிருந்தே அது பிறந்தது. கடைக்கு வந்தபோது மருந்து வந்தது, சோதனை வரவில்லை.

இரு முறைகளிலும் மருந்து ஒன்றே. வேறுபாடு செறிவிலும் நேரத்திலும்தான். கிளினிக்கில் 25 முதல் 40 விழுக்காடு வரை செறிவுள்ள பெராக்சைடை, ஈறுகளை மூடிப் பாதுகாத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயன்படுத்துவர். வீட்டில் 10 விழுக்காடு கார்பமைட் பெராக்சைடை இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் இரவுதோறும் பயன்படுத்துவர். அதிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு 3.5 விழுக்காடு அளவே. முடிவில் கிட்டும் வெண்மையில் இரண்டும் பெரிதும் வேறுபடுவதில்லை. விளக்கொளியால் நிலையான கூடுதல் பயன் இருப்பதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கிளினிக்கிலிருந்து வந்த அன்று தோன்றும் பேரொளியில் ஒரு பங்கு, பல் ஈரமிழந்ததால் வருவது. சில நாளில் அது தணியும். பல் கூச்சம் இரு முறைகளிலும் வரலாம். செறிவு கூடினால் கூச்சமும் கூடும்.

இதனை யார் செய்யலாம் என்பது பற்றி நீதிமன்றங்களும் பேசியுள்ளன. 2013இல் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம், பல் வெண்மையாக்கல் பல் மருத்துவமே என்று தீர்ப்பளித்தது. வீட்டு முறை ஆய்வு செய்யப்பட்ட அதே வட கரோலினாவில் வழக்கு வேறு திசையில் சென்றது. பேரங்காடிகளில் குறைந்த கட்டணத்தில் இத்தொழிலைச் செய்தோரை அங்குள்ள பல் மருத்துவ வாரியம் தடுக்க முயன்றது. வாரியத்தின் பெரும்பாலான உறுப்பினர் தாமே அத்தொழில் புரியும் பல் மருத்துவர்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போட்டிச் சட்டத்திலிருந்து அவ்வாரியத்திற்கு விலக்கு இல்லை என்றது. மருத்துவர் சொல்லும் எச்சரிக்கையில் சில வேளைகளில் வருமானமும் கலந்திருக்கும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

எனக்கு நியாயமாகப் படுவது 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதி. 0.1 விழுக்காட்டிற்கு மேல் 6 விழுக்காடு வரை பெராக்சைடு உள்ளவற்றை முதல்முறை பல் மருத்துவரிடமோ அவரது மேற்பார்வையிலோ பயன்படுத்த வேண்டும். எஞ்சியதை வீட்டில் தொடரலாம். 18 வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது. குளுஸ்மையரின் வழியும் ஏறக்குறைய இதுதானே!

இனி என் கதை. பன்னிரண்டு வயதில் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடும்போது விழுந்து முன்பல்லில் அடிபட்டேன். பல் உடையவில்லை, ஆகவே வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது சாம்பல் நிறமாயிற்று. ஆசிரியர் பயிற்சியின்போது, முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, "சார், உங்க பல்லு ஏன் கறுப்பா இருக்கு?" என்று வகுப்பில் கேட்டது. அன்றிலிருந்து வாயை மூடிச் சிரிக்கப் பழகினேன். கரித்தூள் தேய்த்தேன், பயனில்லை. பின்னாளில் வெண்மைப் பட்டைகளை வாங்கி ஒட்டினேன். மற்றப் பற்கள் வெளுத்தன. அந்த ஒரு பல் மட்டும் முன்னிலும் கறுப்பாகத் தெரிந்தது!

வேறு வழியின்றிப் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பல்லின் உயிர்நரம்பு எப்போதோ இறந்திருந்தது. வேரின் நுனியில் வலியே இல்லாமல் சீழ் கட்டி எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. "இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் பல் போயிருக்கும்," என்றார். வேர்ச் சிகிச்சை முடிந்த பிறகு, பல்லின் உள்ளே மருந்தை வைத்து வெளுக்கச் செய்தார். பட்டைகள் ஒருவேளை அந்தப் பல்லையும் வெளுத்திருந்தால், நான் மகிழ்ந்து வீட்டிலேயே இருந்திருப்பேன். பல்லை இழந்திருப்பேன்.

ஆகவே மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: "முதல்ல பல்லைக் காட்டும்மா. சொத்தை இருக்கா, ஈறு நல்லா இருக்கா, நிறம் ஏன் மாறிச்சுன்னு தெரிஞ்சுக்கோ. அடைப்பும் செயற்கைப் பல்லுறையும் வெளுக்காது, அதையும் கேட்டுக்கோ. எல்லாம் சரின்னு சொன்னா, நாள் இருந்தா வீட்டு முறையே போதும், செலவும் குறையும். கல்யாணம் நெருங்கிட்டா கிளினிக்கிலேயே செஞ்சுக்கோ." அவள் சிரித்தாள். அவள் பற்கள் எனக்கு அழகாகவே தோன்றின, அதையும் சொன்னேன்.

வாசகர்களே, நிறம் மாறிய பல் சில வேளைகளில் நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்ல முயல்கிறது. அதனை வெளுப்பதற்கு முன் அது சொல்வதைக் கேட்போம். உங்கள் பிள்ளைகள் விழுந்து பல்லில் அடிபட்டால், பல் உடையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.