எழுவான்கரை – 9: இருநூறு மீற்றர்

போன வாரம் உங்களைக் கதிரவெளிக் கடற்கரையில் நிறுத்திவிட்டுப் போனேன். கோபமா? வாருங்கள், விடியப்போகிறது.

கரைவலைக்காரருக்கு இந்த ஒரு மணிநேரம்தான் பிழைப்பு. மீன்கூட்டம் தெரிந்ததும் தோணி வலையை வளைத்துவர வேண்டும். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நிற்க வேண்டும். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தால் ஆள் வரும். தள்ளியிருந்தால்?

மீன் காத்திருக்காது.

அதனால்தான் தலைமுறை தலைமுறையாகக் கரையோரமே குடியிருந்தார்கள். அந்தக் கரைக்குத்தான் 2004 டிசம்பர் 26 காலை சுனாமி அலை வந்தது.

இனி அரசின் மனதுக்குள் எட்டிப் பாருங்கள். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அடுத்த அலை எப்போது? யாருக்கும் தெரியாது. பயம் கோடு போடச் சொன்னது. போட்டார்கள்.

தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200. அதற்குள் வீடு கட்டக்கூடாது.

எங்களுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு?

காத்தான்குடியில் கேள்வியே வேறு: எங்கே போவது? சில சதுர கிலோமீற்றருக்குள் 40,000 பேர். வீட்டோடு வீடு ஒட்டிய ஒழுங்கைகள். பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போகிற ஊர். முன்னால் கடல், பின்னால் வாவி. நடுவில் 200 மீற்றரை வெட்டினால், மிச்சத்தில் மாடிமேல் மாடி அடுக்க வேண்டியதுதான்.

கதிரவெளிக்கு அந்த நெருக்கடி இல்லை. பின்னால் பற்றைக்காடு கிடந்தது. அங்கே போகலாமே?

போகலாம். விடியற்காலை அந்த ஒரு மணிநேரத்தை யார் தூக்கிக்கொண்டு போவது?

அந்தக் கோடு பின்னால் தளர்ந்தது உண்மை. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் அவசரப்படாதீர்கள். ஒரு முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை.

கோடு போட்டது கொழும்பு. கதிரவெளி இருக்கும் வாகரைப் பக்கம் அப்போது இருந்ததோ புலிகளின் கையில்.

அப்படியானால் கதிரவெளியில் வீடு கட்டும் காசு யார் கைவழியாகப் போகும்?

அந்த உதவியை இரு தரப்பும் சேர்ந்து நடத்த 2005 ஜூனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் ஒரு தூரம் இருந்தது: ஒப்பந்தம் செல்லுபடியாகும் எல்லை, கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர். 200 மீற்றருக்கே இத்தனை சண்டை!

மூன்றே வாரம். ஒப்பந்தம் கொழும்பில் உயர் நீதிமன்றத்தின் முன் கிடந்தது.

அதில் எந்த வரி பிழைத்தது? எது விழுந்தது?

அடுத்த வாரம்.