தடி தட்டிப் பார்த்த மூலக்கூறு

கரடியூரில் மூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற ஆள் தெரியாது. தாத்தா கைத்தடியால் தட்டித் தட்டித்தான் நடப்பார். பள்ளமா, பாறையா என்று தடி சொல்லிவிடும். நம் கல்லூரியில் அணுவிசை நுண்ணோக்கி பற்றி முதன்முதலாகக் கேட்ட அன்று எனக்கு அந்தத் தடிதான் ஞாபகம் வந்தது.

உயிர் மூலக்கூறுகளின் கதையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே அதை முறுக்கிய கயிறாகத் திருத்தினார். அணுக்கள் ரொம்ப நெருக்கமாக இடிக்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். மனுஷர் சும்மா இருப்பாரா? எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கணக்குப் போட்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963-இல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' அதில் பிறந்ததுதான்.

ஆனால் எக்ஸ்-ரே காட்டுவது கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரி. ஒற்றை ஆளைப் பார்ப்பது எப்படி? 1981-இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் செய்த கருவிக்கு மின்சாரம் பாயும் பொருள் வேண்டும். புரதத்தில் அது நடக்கிற காரியமா? 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் வேறு வழி கண்டார்கள்: மெல்லிய வளைகரத்தின் நுனியில் ஓர் ஊசி. அது மேடுபள்ளத்தில் ஏறி இறங்க, கரம் வளையும். பின்னால் வந்த கருவிகளில் கரத்தின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியே அந்த வளைவை அளக்கிறது. கிராமபோன் முள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடுதான். ஊசி மெத்தென்ற மூலக்கூறுகளை இழுத்துத் தள்ளிவிடும். 1989-இல் கலிஃபோர்னியாவில் ஹான்ஸ்மா குழுவினர் தண்ணீருக்குள்ளேயே, ரத்தம் உறையவைக்கும் ஃபைப்ரின் இழையாகச் சேர்வதைப் பார்த்தார்கள். 1993-இல் இழுக்காமல் தட்டித் தட்டிப் பார்க்கும் முறை வந்தது. அட, தாத்தாவின் முறை! 1997-இல் மியூனிக்கில் காப் குழுவினர் தசைப் புரதமான டைட்டினை ஊசியால் பிடித்து இழுக்க, முடிச்சு முடிச்சாக அவிழ்ந்தது.

கொலாஜனையும் இந்த ஊசி விடவில்லை. நார்களில் 67 நானோமீட்டருக்கு ஒரு வரி; தனி மூலக்கூறு 300 நானோமீட்டர் நீளம். ஆனால் அதன் தடிமன் 1.5 நானோமீட்டர்தான். வழக்கமான ஊசி முனையின் ஆரமோ சுமார் 10. கயிறு தட்டுப்படும், உள்ளேயுள்ள மூன்று இழைகள் தட்டுப்படாது. அவற்றை ராமச்சந்திரன் கணக்கிலேயே பார்த்துவிட்டிருந்தார்.