பனிமயதாசின் குரல்

கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையின் அருகே கல்வராயன் மலைச்சாலை ஏறத் தொடங்குகின்றது. ஒரு மாலையில் நாம் வெள்ளிமலைக்கு ஜீப்பில் சென்றபோது, ஓட்டுநர் தம் கைப்பேசியில் பழைய பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டார். 1961-இல் வெளிவந்த 'குமார ராஜா' படத்தில் ஜே.பி. சந்திரபாபு பாடியது, உலகின் போக்குப் பிடிபடாமல் தவிக்கும் ஒருவனின் பாடல். "சாமி, இவரு சிரிக்கிறாரா, அழுவுறாரா?" என்று அவர் கேட்டார். அப்போது நாம் விடை கூறவில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசை, அவர்தம் ஆலயப் பாடல்களின் மடியில் பிறந்தது. 'சோல்' என்றால் ஆன்மா. அரீத்தா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரத்துப் போதகர் ஒருவரின் மகள்; ஆலயத்தில் பழகிய குரலையே அரங்கிற்கும் கொண்டு சென்றார். தமிழில் அத்தகைய ஆன்மக் குரலைத் தேடினால், நகைச்சுவை நடிகர் என்று நாம் ஒதுக்கி வைத்த இந்தக் கத்தோலிக்கரிடமே நம் செவி செல்கின்றது.

1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர் அவர். ஜோசப் பனிமயதாஸ் என்ற பெயரிலேயே பனிமய மாதாவின் அடியவர் என்னும் பொருள் அடங்கியுள்ளது. தந்தை விடுதலைப் போராட்ட வீரர்; அதனால் குடும்பம் கொழும்பில் வாழ நேர்ந்தது. பின்னர்ச் சென்னைக்கு வந்த இளைஞருக்குத் திரையுலகம் எளிதில் கதவு திறக்கவில்லை. விரக்தியில் நஞ்சருந்திப் பிழைத்தவர் என்பதை, அவர் பாடல்களைக் கேட்டுச் சிரித்தவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஆல்ப்ஸ் மலை இடையர்கள் குன்றுக்குக் குன்று கூவி அழைக்கும் 'யோடலிங்' முறையைத் தமிழ்த் திரைப்பாட்டில் ஒலிக்கச் செய்தவர் அவரே. நெஞ்சுக்குரலிலிருந்து உச்சக்குரலுக்குச் சட்டெனத் தாவும்போது தொண்டை ஒரு கணம் உடைகின்றது. அந்த உடைவுதான் அக்கலையின் உயிர். விம்மி அழுபவனின் குரலும் ஏறத்தாழ அப்படித்தானே உடைகின்றது! பிறர் வாயசைக்கப் பின்னணியும் பாடியிருக்கின்றார். 'பெண்' (1954) படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்தவர் இவர்தாம். 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கண்ணதாசன் எழுதி இவர் பாடிய பாடலில், பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனைத் தொடரும் அழுகையே பொருள். திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்று குருமடத்தில் படித்தோம். ஆயினும் திரைப்பாட்டில் புலம்பலைக் கண்டுகொள்ள நமக்குச் செவி இருந்ததில்லை.

1966-இல் அவரே இயக்கிய படத்தின் பெயர் 'தட்டுங்கள் திறக்கப்படும்'. மத்தேயு நற்செய்தியை அறிந்தவர்க்கு அச்சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டுவதில்லை. படம் வெற்றி பெறவில்லை. எம்.ஜி.ஆரைக் கொண்டு தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியிலேயே நின்றது. மணவாழ்வும் முன்னரே முறிந்திருந்தது. கடன், தனிமை, குடி. 1974 மார்ச்சில் 46-ஆம் வயதில் மறைந்தார்.

குடி என்று எழுதும்போது எமது கை தயங்குகின்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அடுத்து வந்த ஞாயிறன்று நாம் குடியின் கேட்டைக் கடிந்து நீண்ட மறையுரை ஆற்றினோம். திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி அருகில் வந்து, "செத்தவன் கெட்டவன் இல்லீங்க, சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். அன்று நாம் கூறியவற்றுள் பொய் ஏதுமில்லை. ஆனால் இறந்தோருக்காக ஒரு சொல்லும் அதில் இல்லை. அம்மூதாட்டி வந்தது அதைக் கேட்பதற்காக இருக்கலாம்.

வெள்ளிமலையில் இறங்கும்போது ஓட்டுநரிடம், "இரண்டும்தான், தம்பி" என்றோம். அவர் எதைப்பற்றி என்று மறந்துபோயிருந்தார்; வேறு பாடல் ஓடிக்கொண்டிருந்தது.

சந்திரபாபுவின் உடல் சென்னையில் குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றது. வரும் நவம்பர் 2-ஆம் நாள் திருப்பலியில் வாசிப்பதற்கான பட்டியலில், கருணாபுரத்தில் இறந்தோர் அனைவரையும் குறித்துவிட்டு, அடுத்த வரியில் பனிமயதாஸ் என்று எழுதி வைத்துள்ளோம்.